கொழுந்து ராசாவின் குதிரைக்குப் பாதிக் கொள்ளு

உப்போடையூர் பஸ் ஸ்டாண்டு முக்கில் நாற்பது வருஷமாகக் கொழுந்து ராசாவைச் சுமந்துகொண்டு ஒற்றைக் காலைத் தூக்கியபடியே நின்ற சிமெண்டுக் குதிரை, ஆனி மாசத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், தூக்கின காலைக் கீழே வைத்து, உடம்பை ஒரு உதறு உதறி, பீடத்தை விட்டு இறங்கி, எதிரே வாழைக்காய் மண்டி வாசலில் கிடந்த சருகைத் தின்ன ஆரம்பித்தது. ராசா இறங்கவில்லை. ராசா இல்லையா அவர், குதிரை போய்விட்டது என்பதற்காக உட்கார்ந்த இடத்தை விட்டுக்கொடுப்பாரா? கால் இரண்டையும் அகட்டி, வாளை ஓங்கிப் பிடித்து, தரையிலிருந்து பத்தடி உயரத்தில் வெறும் காற்றின் மேல் அப்படியே உட்கார்ந்திருந்தார். இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறார், நம்பாதவர்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் பார்த்தது செம்பகவடிவு. பேரூராட்சியில் தினக்கூலிக்குப் பெருக்குகிறவள். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் ரயில்வே ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் குதிரை வண்டி ஓட்டினவள். புருஷன் படுத்த படுக்கையான அன்று கடிவாளத்தைக் கையில் வாங்கினாள், ஆட்டோக்கள் வந்து வண்டியை ஓரங்கட்டுகிற வரைக்கும் கீழே வைக்கவில்லை. அப்பேர்ப்பட்டவள் குதிரையைப் பார்த்து மலைத்துப் போகவில்லை. பீடத்து மேல் ஆவி பறக்கக் கிடந்த லத்தியைத்தான் பார்த்தாள். "சரிதான், இதையும் நான்தான் அள்ளணுமாக்கும்" என்று விளக்குமாற்றை இடுக்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

ஊர் என்ன செய்தது என்கிறீர்களா? ஊர் செய்ய வேண்டியதைச் செய்தது. பேரூராட்சித் தலைவர் தாணுமூர்த்தி அவசரக் கூட்டம் போட்டார். என்ஜினியர் ஒருவர் வந்து ராசாவின் காலில் கயிறு கட்டி நாலு பேரை விட்டு இழுக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, பிடிமானம் பலமாக இருக்கிறது, நூறு வருஷத்துக்குக் கவலையில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கண்டக்டர்கள் "குதிரை ஸ்டாப் இறங்கு" என்பதை "ராசா ஸ்டாப் இறங்கு" என்று மாற்றிக்கொண்டார்கள். மழைக்கு ராசாவின் அடியில் ஒதுங்கினவர்கள் முன்னைவிட இடம் தாராளமாகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டார்கள். குதிரை ஏன் இறங்கிற்று என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாற்பது வருஷம் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் இறங்கத் தோன்றாது?

கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான், யார் தீனி போடுவது. அதில்தான் ஊர் இரண்டு நாள் அடித்துக்கொண்டது. எங்கள் குதிரை என்று மளிகைக்காரர் சங்கம், எங்கள் குதிரை என்று அரிசி ஆலைக்காரர்கள், பீடத்துக்குச் சிமெண்டு கொடுத்தது எங்கள் தாத்தா என்று இரும்புக்கடைக்காரர். கடைசியில் கோயில் திருவிழாவில் ஆளுக்கொரு நாள் செலவை ஏற்றுக்கொள்கிற மாதிரி, குதிரைக்கும் கிழமைக்கு ஒரு மண்டகப்படி என்று தீர்ந்தது. திங்கள் மளிகைக்காரர் அவித்த கொள்ளு ஒரு மரக்கால். செவ்வாய் ஆலைக்காரர் தவிடும் வெல்லமும். மளிகைக்காரர் ஒரு மரக்கால் போட்டாரே, நாம் இளப்பமா என்று புதன் ஜவுளிக்காரர் இரண்டு மரக்கால். வெள்ளிக்கிழமை சர்க்கரைப் பொங்கல், அதுவும் முந்திரி போட்டு. ஞாயிற்றுக்கிழமை பொது மண்டகப்படி, யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கொண்டுவந்து ஊட்டலாம்.

வேலை? அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ராசா ஏறின முதுகில் வேறொருத்தன் ஏறுவதாவது, ராசா குதிரையை வண்டியில் பூட்டுவதாவது! பழைய சுங்கச்சாவடிக் கொட்டகையைச் சுத்தம் பண்ணி, சீரியல் பல்பு மாட்டி, அங்கே கட்டினார்கள். குதிரை தெரிந்த ஆள் என்று செம்பகவடிவைக் காவலுக்குப் போட்டார்கள். குதிரை நின்றது, தின்றது, நின்றது, தின்றது.

இரண்டாம் வாரமே வடிவு தலைவரைப் போய்ப் பார்த்தாள்.

"தலைவரய்யா, சும்மா நிக்கிற குதிரைக்குக் கொள்ளு ஆகாது. பாடுபடுற அன்னைக்குத்தான் முழுக் கொள்ளு. நிக்கிற அன்னைக்குப் பாதி, அதுலயும் பாதி. புல்லைப் போடுங்க, வைக்கோலைப் போடுங்க, ஒரு கை உப்புப் போட்டுத் தண்ணி காட்டுங்க, தெனமும் ரெண்டு மைல் நடக்க விடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"ஏட்டி வடிவு, ராசா குதிரைய வைக்கோல் திங்கச் சொல்லுதியா? வெளியூர்க்காரன் பார்த்தாக் காறித் துப்ப மாட்டானா?"

"என் சோலை இப்படித்தான்யா போச்சு."

சோலை அவள் வண்டிக் குதிரை. ஒரு தீபாவளிக்கு மூன்று நாள் வண்டி கட்டவில்லை. வருஷமெல்லாம் ஓடுகிற சீவன், பண்டிகைக்காவது வயிறார நிம்மதியாகத் தின்னட்டுமே என்று வடிவுதான் மூன்று நாளும் முழுக் கொள்ளு வைத்தாள், தன் கையால், தடவிக் கொடுத்து. நாலாம் நாள் சவாரி கட்டி ரயில்வே கேட்டுப் பக்கம் போகையில் சோலைக்கு வேர்த்துக் கொட்டியது, பின்னந்தொடை மரக்கட்டையாக இறுகியது, காப்பிக் கஷாயம் போல மூத்திரம் போயிற்று. அவசரத்தில் இருந்த சவாரி ஓட்டு ஓட்டு என்றது, அவளும் சாட்டையைச் சொடுக்கினாள், சோலை விழுந்தது. அதற்கப்புறம் எழுந்திருக்கவில்லை. பதினைந்து வருஷம் ஆகிவிட்டது, இன்னமும் கொள்ளு வேகிற வாசம் வந்தால் வடிவுக்குச் சோறு இறங்காது.

தலைவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பாவம்தான்" என்று சொல்லி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கொள்ளோடு நெய்யும் விடச் சொன்னார்.

ஆடி மாசம் ராசா பிறந்த நாள் வந்தது. ஒன்றரை மாசம் நின்ற இடத்திலேயே நின்று தின்ற குதிரையை மாலை போட்டு, மேளத்தோடு வெளியே கொண்டுவந்தார்கள். நாற்பது எட்டு வைத்திருக்குமா? உடம்பெல்லாம் வேர்வை ஊற்றியது. பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொண்டன. காப்பித் தண்ணீர் போல மூத்திரம் ரோட்டில் ஓடியது. பயபக்தியாக இரண்டு பேர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். தலைவர் "இழுங்கலே, மேளத்தை நிறுத்தாதீங்கலே" என்று சத்தம் போட, வடிவு குறுக்கே விழுந்தாள்.

"இப்ப ஒரு எட்டு நடந்தாலும் செத்துப் போகும்! யாரும் தொடாதீய! டாக்டரம்மாவைக் கூட்டிட்டு வாங்க!"

கால்நடை டாக்டர் ஜெரால்டின் ஸ்கூட்டரில் வந்தாள். ஊருக்குப் புதுசு, சின்ன வயசு, படித்ததை மறக்காதவள். குதிரையின் பின்தொடையைத் தட்டிப் பார்த்தாள். டொக் டொக்கென்று சத்தம் வந்தது. ரோமத்துக்கு அடியில் ஒரு சாண் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் சிமெண்டு தெரிந்தது.

"தசை இறுகிப் போச்சு வடிவக்கா. எல்லாக் குதிரைக்கும் கட்டையாகும், இதுக்குப் பழைய வாசனை, சிமெண்டே ஆகுது" என்றாள். நின்ற இடத்திலேயே போர்வை போர்த்தி, ஊசி போட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் கொடுத்து, மூன்று நாள் ரோட்டிலேயே பந்தல் போட்டு வைத்திருந்து, நாலாம் நாள் பத்து எட்டு, ஐந்தாம் நாள் இருபது எட்டு என்று வடிவு மெல்ல நடத்தி நடத்தியே சிமெண்டை இளக்கினாள். தானியம் வேண்டாம், புல் போதும், ஒரு நாள் விடாமல் நடை, எடுத்த எடுப்பில் ஓட விடக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்தாள். தலைவர் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொட்டகையில் மாட்டினார்.

நடைதானே, நடத்தினால் போச்சு என்று ஊர் கிளம்பியது. அங்கேதான் பிடித்தது சனி. ஊரில் எதுவும் சும்மா நடக்காது, மேளத்தோடுதான் நடக்கும். நடந்தால் எந்தத் தெரு வழியாக? மேலத்தெரு வழியாகப் போனால் கீழத்தெரு விடாது. கீழத்தெருவில் நுழைந்தால் செக்கடித் தெருவுக்கு வால்பக்கம்தான் தெரியும், நாங்கள் என்ன வாலைப் பார்க்கப் பிறந்தவர்களா என்று அவர்கள் மறியலில் உட்கார்ந்தார்கள். கல் பறந்தது, இரண்டு மண்டை உடைந்தது. தாலுகா ஆபீசில் தாசில்தார் அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தினார். ஆறு மணி நேரம் பேசி, மூன்று தரப்பும் கையெழுத்துப் போட்டு, ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தார்கள்: குதிரை எந்தத் தெருவிலும் நடக்கக் கூடாது. தீனி போடுவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை, அது வழக்கம் போல நடக்கலாம்.

இப்படி ஒரு ஒற்றுமையை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

புரட்டாசியில் குதிரையின் வால் சிமெண்டானது. ஈயை ஓட்ட முடியாமல் அது வடிவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். அவள் ஒரு பழைய துண்டை எடுத்து ஈயோட்டிக்கொண்டே அழுவாள். ஒன்றைக் கையால் கொன்றேன், இன்னொன்று கண் எதிரே சாகப் பார்த்திருக்கப் போகிறேனா என்று தன்னைத்தானே வைதுகொள்வாள். அப்படி வைதுகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, பெருமாள் கோயில் பக்கம் மணி அடித்தது. சாமிக்கு நைவேத்தியம். திரை போட்டுவிட்டார்கள். திரைக்கு அந்தப் பக்கம் சாமி எவ்வளவு சாப்பிட்டார் என்று எவன் எட்டிப் பார்த்தான்?

மறுநாள் வடிவு தலைவரிடம் போனாள்.

"எல்லாரும் பாக்கத் தின்னுதான் கண்ணு பட்டுட்டு. ராசா வீட்டுக் குதிரை, திரை போட்டுல்லா திங்கணும்?"

"அதானே! இது எனக்கே தோணியிருக்கணும்" என்றார் தலைவர். அன்று சாயங்காலமே ஜரிகை வைத்த சிவப்புத் திரை வந்துவிட்டது. மண்டகப்படிக்காரர்களுக்கும் ஏக திருப்தி. மணி அடிப்பதற்கு ஒருத்தர், திரை இழுப்பதற்கு ஒருத்தர் என்று இரண்டு புதுப் பதவி கிடைத்ததே.

திரைக்குப் பின்னால் வடிவு கொள்ளை அப்படியே அண்டாவில் கொட்டி மூடிவிட்டு வைக்கோலை உதறிப் போடுவாள். அது தின்றதும் கொட்டகைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி நடத்துவாள். ஒரு சுற்று முப்பது எட்டு. நாதஸ்வரச் சத்தத்தில் குளம்புச் சத்தம் வெளியே கேட்காது. அண்டாக் கொள்ளைத் தேங்காய் போட்டுத் தாளித்துப் பிரசாதச் சுண்டலாகக் கொடுத்துவிட்டாள். ஊர் வரிசையில் நின்று வாங்கித் தின்றது, தின்றுவிட்டு உட்கார்ந்தது. அந்த வருஷம் அரசு ஆஸ்பத்திரியில் மூட்டுவலிக்கும் சர்க்கரைக்கும் கூட்டம் தாங்கவில்லை. அங்கேயும் நடங்கள், குறைத்துத் தின்னுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்கே தெரியும்.

குதிரையின் வால் மெல்ல அசைந்தது. ஆனால் முப்பது எட்டுச் சுற்று ஒரு நடையா? தொடையில் உள்ளங்கை அகலத்துக்குச் சிமெண்டு இளகாமல் நின்றுவிட்டது.

தை மாசம் ராசாவின் வெற்றி விழா, பத்து நாள். ஒன்பது நாளும் திரையைத் திறந்து வைக்க வேண்டும், வெளியூர் ஜனம் பார்க்கக் குதிரை தின்ன வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். பத்தாம் நாள் தாசில்தாரின் விசேஷ அனுமதியோடு, பெரிய மனுஷர்கள் பார்க்க, பைபாஸ் வழியாக நாலுகால் பாய்ச்சலில் ஓடி வந்து, பீடத்தில் ஏறி, ராசாவுக்கு அடியில் போய் நிற்க வேண்டும்.

ஜெரால்டின் கேட்டுவிட்டு முகம் வெளுத்தாள். "ஒன்பது நாள் நின்னு தின்னுட்டுப் பத்தாம் நாள் பாய்ச்சலா? இன்னொரு தடவை இறுகிச்சுன்னா என்னைக் கூப்பிடாதீங்க வடிவக்கா, கொத்தனாரைக் கூப்பிடுங்க."

எட்டு நாள் வடிவு கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். எட்டு நாளும் குதிரை தின்றது. சாம்பல் நிறம் தொடையிலிருந்து முதுகுக்கு ஏறியது. ஒன்பதாம் நாள் மத்தியானம் மகா மண்டகப்படி, ஊருக்கே வடை பாயசத்தோடு விருந்து. இரண்டு மணிக்கு ஊர் கிழக்கே தலை வைத்துப் படுத்து உறங்கிவிட்டது. திரை இழுக்கிறவர் திரைக்கயிற்றைப் பிடித்தபடியே குறட்டை விட்டார். வடிவு அந்தக் கயிற்றை மெல்ல அவர் கையிலிருந்து உருவி, திரையை மூடி, குதிரையைப் பின்வாசல் வழியாக வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

திருடிக்கொண்டு போகிறவர்கள் ஓடுவார்கள். இவளால் ஓட முடியாது. ஓட்டினால் குதிரை அங்கேயே சிலை. பத்து எட்டு நடை, நிறுத்தம், தொடையைத் தேய்த்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர், மறுபடி பத்து எட்டு. மேலத்தெரு வழியாகப் போனார்கள், கீழத்தெரு வழியாகப் போனார்கள், செக்கடித் தெருவுக்கு முகம் காட்டியே போனார்கள். எந்தத் தெருவும் கண் விழிக்கவில்லை.

தலைவர் வீட்டு வாசலில் அவர் சாய்வு நாற்காலியில் கிடந்தார். குளம்புச் சத்தத்தில் கண்ணைத் திறந்தார், குதிரையைப் பார்த்தார், வடிவையும் பார்த்தார். தலைவர் நீளமாக ஒரு ஏப்பம் விட்டார்.

"திரைக்குள்ள இருக்க வேண்டியது இங்க எப்படிட்டி வரும்? பாயசம் கொஞ்சம் கூடிப் போச்சு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஊர் எல்லை தாண்டி ஓடைப் பாலத்தில் இசக்கியப்பன் காத்திருந்தான். வடிவோடு ஒரு காலத்தில் வண்டி ஓட்டினவன், இப்போது இருபது மைல் தள்ளிச் சந்தைப்பேட்டையில் தேங்காய் வண்டி வைத்திருக்கிறான். டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

"நீயும் வந்திரு மைனி" என்றான்.

"நான் வந்தா நாளைக்கே திரையைத் திறந்து பாப்பாங்க, தேடி வருவாங்க, பிடிச்சிட்டுப் போவாங்க. நான் அங்க நின்னாத்தான் இது இங்க நடக்கும். கேட்டுக்கோ, வண்டி இல்லாத அன்னைக்குப் பாதிக் கொள்ளுதான். அன்னைக்கும் நடக்க விடணும். உன் பாசத்தையெல்லாம் புல்லுல காட்டு."

குதிரை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தது. அப்புறம் நடையில் கவனம் போய்விட்டது. வடிவு பாலத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பத்தாம் நாள் தலைவர் திரையைத் திறக்கச் சொன்னார். வடிவு குறுக்கே நின்றாள். "உக்கிரத்துல இருக்கு. இன்னைக்கு யார் முகத்துலயும் முழிக்காது. திறந்து ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா நான் பொறுப்பில்ல." உள்ளே தேங்காய்ச் சிரட்டை இரண்டைக் குளம்புச் சத்தம் போல அவளே ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஊர் பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது. குதிரையைத்தானே தெருவில் விடக் கூடாது, திரையை விடலாமே என்று யாரோ யோசனை சொல்ல, நாலு கம்பில் திரையைக் கட்டி உள்ளே ஒன்றுமில்லாமல் மூன்று தெருவுக்கும் தூக்கிக்கொண்டு போனார்கள். திரைக்கு முகமும் இல்லை, வாலும் இல்லை. சண்டையே வரவில்லை. அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது.

மூன்று வருஷம் ஆயிற்று. மண்டகப்படி நடக்கிறது, கொள்ளு வேகிறது, சுண்டல் வருகிறது. வடிவு வெறும் கொட்டகைக்குக் காவல் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலைவர் விழாவுக்குப் புதுத் திரை எடுக்கச் சந்தைப்பேட்டைக்குக் கார் போட்டார். அளவு தெரிந்தவள் என்று அவளையும் ஏற்றிக்கொண்டார்.

ஜவுளிக் கடைத்தெருவை ஒட்டிய தேங்காய்ப்பேட்டை வாசலில், பூட்டு அவிழ்த்த வண்டி பக்கத்தில், வேப்பமரத்தடியில் அது நின்றது. விலா எலும்பு லேசாகத் தெரிய, ரோமம் பளபளக்க, வாலை வீசி ஈயை ஓட்டிக்கொண்டு நின்றது. மூட்டுவலியோடு காரை விட்டு முக்கி முனகி இறங்கின தலைவர் அதைப் பார்த்து நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியே போயிற்று.

"பாரு வடிவு, வாயில்லாச் சீவன். கவனிக்க ஆளில்லாம எப்படி எலும்பும் தோலுமாக் கிடக்கு. நம்ம குதிரை குடுத்து வச்சதுட்டி."

வடிவு கிட்டே போய்ப் பின்தொடையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் பதிந்தது. எடுத்ததும் சதை பழையபடி எழும்பியது. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், முதுகு, எல்லா இடத்திலும் அழுத்திப் பார்த்தாள், ஒரு பொட்டுச் சிமெண்டு இல்லை. குதிரை மூக்கை அவள் கழுத்தடியில் நுழைத்து உஸ்ஸென்று மூச்சு விட்டது. பதினெட்டு வருஷத்துப் பாரம் அந்த மூச்சில் அவளை விட்டு இறங்கியது. கண்ணீர் தாரையாக ஓட, அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

தலைவர் இளகின மனசுக்காரர்தான், குறை சொல்லக் கூடாது. காரில் இருந்த பிரசாதக் கொள்ளுப் பொட்டலத்தை எடுத்து வந்து, இரண்டு கையிலும் குவித்து, "இந்தா, வயிறாரத் தின்னு" என்று நீட்டினார்.

"பொறுங்கய்யா" என்றாள் வடிவு. அவர் கையிலிருந்து ஒரு பிடியை அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். "இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, வண்டி கட்டல. பாதி போதும்."

தலைவர் குனிந்து தன் கையைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, மிச்சத்தை மட்டும் நீட்டினார். குதிரை அந்தப் பாதியைத் தின்றுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு புல்லுக்குப் போயிற்று.